மூன்று பேர் சொல்வதும் சரி, ஆனால் வேறு வேறு ஆண்டுகளில்

கேள்வி:

மதிப்புக்குரிய ஐயா,

வடமேற்கு லண்டனில் சனிக்கிழமை தோறும் நடக்கும் ஒரு தமிழ்ப் பாடசாலையின் பெற்றார் சங்கப் பொருளாளர் நான். மண்டப வாடகை கூடிவிட்டது. ஆண்டு விழாவோடு ஒரு சீட்டிழுப்பும் வைத்துக் காசு சேர்ப்போம் என்று முடிவெடுத்தோம். 2,000 ரிக்கற், ஒன்று 5 பவுண். முதற் பரிசு ஒரு பவுண் தங்கக் காசு. விழாவுக்கு ஆறு கிழமைக்கு முன்பிருந்தே கடைகளில் வைத்தும், வட்ஸ்அப் குழுக்களில் போட்டும், பிள்ளைகளிடம் புத்தகம் கொடுத்துவிட்டும் விற்பதாக எண்ணம்.

எங்கள் தலைவர், "95 ஆம் ஆண்டிலிருந்து ரஃபிள் வைக்கிறன், லைசென்ஸ் ஒன்றும் தேவையில்லை, காசைப் பரிசாகக் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்கிறார். செயலாளர், "காசு கொடுக்கலாம், ஆனால் விழா முடிய முன் மண்டபத்திலேயே இழுத்து அறிவிக்க வேணும்" என்கிறார். இளைய உறுப்பினர் ஒருவர், "2016 இல் சட்டத்தை மாத்திப் போட்டாங்கள், இனி எப்படியும் செய்யலாம்" என்கிறார். மூவரும் அடித்துச் சொல்கிறார்கள். கனடாவில், ஸ்காபுறோவில் இருக்கும் என் தம்பியோ, "50/50 வையுங்கோ, இங்கே எல்லாரும் அதுதான்" என்கிறான்.

இதற்கிடையில் வேறு சில சங்கங்கள் சேர்ந்து, சிறிய அமைப்புகளின் சீட்டிழுப்புக்கு உள்ளூர்க் கவுன்சிலில் பதிவே வேண்டாம் என்று சட்டத்தை மாற்றக் கோரி எம்.பி.க்கு மனுக் கொடுக்கப் போகின்றன. எங்களிடமும் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா?

பதில்:

அன்புள்ள தங்கை,

முதலில் ஓர் ஆறுதல். உங்கள் நிர்வாக சபையில் பிழையாகச் சொல்பவர் யாரும் இல்லை. தலைவர் 1995 இல் சரி. செயலாளர் 2010 இல் சரி. அந்த இளையவர் இன்றைக்கும் முக்கால்வாசி சரி. ஒவ்வொருவரும் தான் முதன்முதலில் ரிக்கற் புத்தகத்தைக் கையில் எடுத்த வருடத்துச் சட்டத்தை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார். அம்மா காட்டித் தந்த கை அளவை நாங்கள் திரும்ப நிறுத்துப் பார்க்கிறோமா என்ன, அது மாதிரித்தான்.

தலைவர் பழகியது 1976 ஆம் ஆண்டின் லொத்தர்கள், கேளிக்கைகள் சட்டம். ஒரு விழாவின் சிறு அங்கமாக, மண்டபத்துக்குள்ளேயே ரிக்கற் விற்று, அங்கேயே இழுத்து, அங்கேயே முடிவு சொன்னால் அந்தச் சட்டத்தில் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பரிசு மட்டும் காசாக இருக்கக் கூடாது. அந்தக் காலத்து எங்கள் விழாக்களில் பரிசு மேசை முழுக்க ரைஸ் குக்கரும் சுவர்க் கடிகாரமும் பிஸ்கற் ரின்னும் அடுக்கியிருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். வெளியே விற்கும் சங்கங்கள் அப்போதும் கவுன்சிலில் பதியத்தான் வேண்டும். ரிக்கற் விலைக்குக்கூட உச்சவரம்பு இருந்தது. தலைவர் மண்டப வாசலைத் தாண்டி விற்காதபடியால் அந்தப் பக்கத்தைப் புரட்ட அவருக்கு அவசியம் வந்திராது.

இதற்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. 1823 இல் சட்டம் போட்டு 1826 இல் அரச லொத்தரையே நிறுத்திய நாடு இது. தேவாலயத் தோட்டத்துச் சந்தையில் நடக்கும் சிறு சீட்டிழுப்புக்கு 1934 இல்தான் சட்டம் வழிவிட்டது, சங்கங்களுக்கு 1956 இல். இங்கே சட்டத்தின் சுபாவம், "லொத்தர் என்றாலே குற்றம், இன்னின்னது மட்டும் விலக்கு" என்பது. அதனால் "கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது?" என்று தேடுவதில் பயனில்லை. "கூடும் என்று எங்கே எழுதியிருக்கிறது?" என்றுதான் தேட வேண்டும்.

செயலாளர் சொல்வது 2005 ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம். 2007 செப்ரெம்பரில் அது முழுதாக நடைமுறைக்கு வந்தது. அதோடு காசுப் பரிசுக்கான தடை போனது, ரிக்கற் விலைக்கான உச்சவரம்பும் போனது. ஆனால் விழாச் சீட்டிழுப்பு என்றால் அந்த விழா யாருக்கும் இலாபம் தராத விழாவாக இருக்க வேண்டும், முடிவையும் விழா நடக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்ற நிலை இருந்தது.

2016 இல் வந்த திருத்தம் அதைத் தளர்த்தியது. எங்கள் சமூகத்துக்கு ஏற்ற உதாரணம் ஒன்று சொல்கிறேன். சென்னையிலிருந்து பாடகர்களை அழைத்து, நுழைவுச் சீட்டு விற்று இலாபத்துக்காக ஒருவர் நடத்தும் இசை நிகழ்ச்சி. அதன் இடைவேளையில் ஒரு அநாதை இல்லத்துக்காக ரஃபிள் வைத்தால் 2016 க்கு முன் அது சட்ட விரோதம், நிகழ்ச்சி வணிக நிகழ்ச்சி என்பதால். இப்போது நிகழ்ச்சி வணிகமாக இருக்கலாம், ரஃபிள் காசு மட்டும் தனிப்பட்டவர் பைக்குள் போகக் கூடாது. முடிவையும் நிகழ்ச்சி முடிந்த பிறகு அறிவிக்கலாம். வேலைத்தலத்திலோ ஒரே கட்டடத்துக் குடியிருப்பாளர்களிடையிலோ நடத்தும் சீட்டிழுப்பில் தர்மத்துக்குக் காசு சேர்க்கவும் அந்தத் திருத்தம்தான் வழிவிட்டது. உங்கள் இளைய உறுப்பினர் இதைத்தான் எங்கோ வாசித்திருக்கிறார்.

சரி, மூவருக்கும் மாலை போட்டாயிற்று. இனிச் சங்கடமான செய்தி. மூவர் சொன்ன எதுவுமே நீங்கள் நடத்தப் போகும் சீட்டிழுப்புக்குப் பொருந்தாது.

அவர்கள் பேசுவதெல்லாம் நிகழ்வு லொத்தர் பற்றி, அதாவது விழா நடக்கும் இடத்தில், விழா நடக்கும் நேரத்தில் மட்டும் ரிக்கற் விற்பது. நீங்கள் ஆறு கிழமைக்கு முன்பே கடையில் வைக்கிறீர்கள், வட்ஸ்அப்பில் போடுகிறீர்கள். முதல் ரிக்கற் மண்டபத்துக்கு வெளியே கைமாறிய அந்த நிமிடமே அது நிகழ்வு லொத்தர் இல்லை, சிறு சங்க லொத்தர். அதற்குக் கவுன்சிலில் பதிவு வேண்டும். பதிவு கையில் கிடைக்க முன் ஒரு ரிக்கற்கூட விற்கக் கூடாது. விற்றால் குற்றம். நான் பார்த்தவரை கவுன்சில் அதிகாரிகள் எடுத்தவுடன் வழக்குப் போடுவதில்லை, முதலில் கடிதம்தான் வரும். ஆனால் அந்தக் கடிதம் பொருளாளர் பெயருக்கு வரும்.

பயப்படும்படி ஒன்றும் இல்லை. பதிவுக் கட்டணம் 40 பவுண். பிறகு வருடத்துக்கு 20 பவுண். உங்கள் சங்கத்தின் அலுவலக முகவரி எந்தக் கவுன்சிலின் எல்லைக்குள் இருக்கிறதோ அங்கே. நீங்கள் பதிவு பெற்ற தர்ம நிறுவனமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. தர்மம், விளையாட்டு, கலாசாரம், இப்படித் தனியார் இலாபம் அல்லாத எந்த நோக்கத்துக்காக நடக்கும் சங்கமும் போதும். தமிழ்ப் பாடசாலை, கோயில், ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், கிரிக்கெற் கழகம் எல்லாமே இதற்குள் வரும். ஒரு சீட்டிழுப்பில் 20,000 பவுணுக்கு மேல் ரிக்கற் விற்கக் கூடாது, ஒரு வருடத்தில் மொத்தம் 2,50,000 பவுணைத் தாண்டக் கூடாது. உங்கள் கணக்கு 10,000 பவுண். வேண்டிய அளவு இடம் இருக்கிறது. தாண்டினால் கவுன்சிலை விட்டுச் சூதாட்ட ஆணையத்தின் உரிமம் எடுக்க வேண்டிவரும். அது வேறு உலகம், வேறு கட்டணம்.

இனி உங்கள் கடிதத்தில் என் சிவப்புப் பேனை நின்ற இடங்கள்.

பிள்ளைகளிடம் புத்தகம் கொடுத்துவிடும் யோசனையை இன்றே கைவிடுங்கள். சிறு சங்க லொத்தரில் 16 வயதுக்கு உட்பட்டவர் ரிக்கற் வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது. பக்கத்து வீட்டு ஆங்கிலேயப் பாட்டி நாலாம் வகுப்புப் பிள்ளையின் முகத்துக்காகவே இரண்டு ரிக்கற் வாங்குவார் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் கூடாது. மண்டபத்துக்குள் மட்டும் நடக்கும் நிகழ்வு லொத்தருக்கு இந்த வயதுத் தடை இல்லை. பலர் குழம்புவது இந்த வித்தியாசத்தில்தான்.

ரிக்கற்றில் என்ன அச்சிட வேண்டும் என்பதையும் பாருங்கள். சங்கத்தின் பெயர், ரிக்கற் விலை, பொறுப்பானவரின் பெயரும் முகவரியும், இழுக்கும் திகதி. இந்த நான்கும் இருக்க வேண்டும். நீங்கள் இணைத்து அனுப்பிய மாதிரி ரிக்கற்றில் சரஸ்வதி படம் அழகாக இருக்கிறது, மூன்று கடைகளின் விளம்பரம் இருக்கிறது, விலை இருக்க வேண்டிய இடத்தில் "அன்பளிப்பு 5 பவுண்" என்று போட்டிருக்கிறது. திகதியும் இல்லை, முகவரியும் இல்லை. "அன்பளிப்பு" என்று எழுதியதால் அது அன்பளிப்பு ஆகிவிடாது. கிஃப்ட் எய்ட் (தர்ம அன்பளிப்புக்கு அரசு திருப்பித் தரும் வரிப் பணம்) கேட்கலாம் என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள். ரிக்கற் வாங்குபவர் பரிசு வாய்ப்பை வாங்குகிறார், அதற்குக் கிஃப்ட் எய்ட் கிடையாது. ஒவ்வொரு ரிக்கற்றுக்கும் ஒரே விலைதான் இருக்க வேண்டும். ஆகவே மாதிரியின் மூலையில் மஞ்சள் நட்சத்திரத்துக்குள் போட்டிருக்கும் "ஐந்து வாங்கினால் ஒன்று இலவசம்" போகட்டும்.

வட்ஸ்அப்பில் விற்கலாமா? விற்கலாம். பதிவு செய்த சிறு சங்கம் இணையம் வழியாக விற்பதற்குத் தனி உரிமம் தேவையில்லை. வாங்கியவர் தன் ரிக்கற்றைச் சேமித்தோ அச்செடுத்தோ வைத்துக்கொள்ள முடிய வேண்டும், காசு முதலில் வர வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எங்கள் வட்ஸ்அப் குழுவில் இருப்பவர்கள் வெம்பிளிக்காரர் மட்டுமா? ரொறன்ரோவில் ஒரு சித்தப்பா, சிட்னியில் ஒரு மச்சாள், சென்னையில் ஒரு மாமி. தமிழ்நாட்டில் 2003 ஜனவரியிலிருந்து லொத்தர் விற்பனைக்கே தடை. கனடாவில் உரிமம் இல்லாமல் ரிக்கற் விற்க முடியாது. எனவே "பிரித்தானியாவில் வசிப்பவர்களுக்கு மட்டும்" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். பிரித்தானியா என்றாலும் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்து மட்டும்தான். வட அயர்லாந்துக்குத் தனிச் சட்டம்.

உங்கள் தம்பி சொன்ன 50/50 பற்றி. சேர்ந்த காசில் பாதி வென்றவருக்கு, பாதி சங்கத்துக்கு. ஸ்காபுறோவில் அது செல்லும், ஒன்ராறியோவில் அதற்கென்று உரிமம் இருக்கிறது. கணினியால் ரிக்கற் விற்று வெற்றியாளரைத் தெரிவதற்குக்கூட 2014 இல் கனடா தன் குற்றவியல் கோவையைத் திருத்தித்தான் தர்ம அமைப்புகளுக்கு இடம் கொடுத்தது. இங்கேயும் 50/50 தடை இல்லை. சிறு சங்க லொத்தரில் குறைந்தது நூற்றுக்கு 20 வீதம் சங்கத்தின் நோக்கத்துக்குப் போக வேண்டும், தனிப் பரிசு ஒன்று 25,000 பவுணைத் தாண்டக் கூடாது. பாதிக்குப் பாதி தாராளமாக அதற்குள் அடங்கும்.

அந்த 20 வீதம் என்பதைக் கேட்டதும் சிலருக்கு முகம் மலரும். 10,000 பவுண் சேர்த்து 2,000 மட்டும் பாடசாலைக்குக் கொடுத்தாலும் சட்டப்படி சரி! இதையே கலிபோர்னியாவில் செய்து பாருங்கள். அங்கே தர்ம ரஃபிளே சட்ட விரோதமாக இருந்தது. 2000 மார்ச்சில் வாக்காளர்கள் மாநில அரசியலமைப்பையே திருத்தி அனுமதித்தார்கள், அதுவும் வருமானத்தில் 90 வீதம் தர்மத்துக்குப் போக வேண்டும் என்ற நிபந்தனையோடு. அதனால் பரிசுகளைப் பெரும்பாலும் அன்பளிப்பாகப் பெற்றால்தான் அங்கே ரஃபிள் கட்டும். என்னைக் கேட்டால், சட்டம் 20 என்று சொன்னாலும் உங்கள் மனக்கணக்கு கலிபோர்னியாவுக்குக் கிட்ட இருக்கட்டும். ரிக்கற் வாங்குகிறவர் "பிள்ளைகள் தமிழ் படிக்க" என்றுதான் காசை எடுக்கிறார்.

கணக்கு முடிக்கும் வேலை உங்கள் தலையில்தான் விழும். சீட்டிழுத்து மூன்று மாதத்துக்குள் கவுன்சிலுக்கு ஓர் அறிக்கை போக வேண்டும். எவ்வளவு விற்றது, பரிசுக்கு எவ்வளவு, செலவுக்கு எவ்வளவு, நோக்கத்துக்கு எவ்வளவு. சங்கத்தின் வயது வந்த உறுப்பினர் இருவர் ஒப்பமிட வேண்டும். அந்த இருவரையும் நிர்வாக சபை எழுத்தில் நியமித்திருக்க வேண்டும். இதை எழுதும்போது ஒரு பழைய மனக்கசப்பு நினைவுக்கு வருகிறது, அதில் என் பங்கும் உண்டு.

பல வருடங்களுக்கு முன் ஒரு பழைய மாணவர் சங்கத்தில் நான் செயலாளர். கடைகளுக்கும் உறுப்பினர்களுக்குமாக இருபத்தைந்து புத்தகம் கொடுத்தோம். யாரிடம் எந்த இலக்கம் கொடுத்தோம் என்று ஒரு கடித உறையின் முதுகில் எழுதினேன். இராப்போசன விருந்தன்று அடிக்கட்டைகளையெல்லாம் கிழித்து ஒரு பெரிய சொக்லேற் ரின்னுக்குள் போட்டுக் குலுக்கினோம். தலைவரின் பேத்தி கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள், எல்லோரும் கை தட்டினோம். அடுத்த கிழமை ஒரு கடைக்காரர் தொலைபேசி எடுத்தார். "தம்பி, உங்கட புத்தகம் மூன்று என்ர லாச்சிக்குள்ள கிடக்குது, எல்லாம் வித்துப் போட்டன், காசும் இருக்குது, ஆள் அனுப்பேல்லையே?" முப்பது பேர் காசு கொடுத்து வாங்கிய ரிக்கற்றின் அடிக்கட்டை அந்த ரின்னுக்குள் விழவே இல்லை. முப்பது பேருக்கும் காசைத் திருப்பிக் கொடுத்தோம். இருவர் வாங்க மறுத்துவிட்டார்கள். அதில் ஒருவர் அதற்குப் பிறகு எங்கள் கூட்டத்துக்கு வந்ததில்லை.

அன்றைக்கு எங்களைக் கேள்வி கேட்க யாரும் இருக்கவில்லை. அறிக்கை அனுப்ப வேண்டும் என்ற பயம் இருந்திருந்தால் இருபத்தைந்து புத்தகமும் வந்துவிட்டதா என்று எண்ணியிருப்பேன். நீங்கள் விழாவுக்கு மூன்று நாளுக்கு முன்பே விற்பனையை நிறுத்துங்கள். விற்ற அடிக்கட்டை, விற்காத ரிக்கற், இரண்டையும் கூட்டினால் 2,000 வராவிட்டால் இழுக்காதீர்கள். நிர்வாக சபையின் குடும்பங்கள் ரிக்கற் வாங்காமல் இருப்பது நல்லது. வாங்கி, வென்றும் விட்டால், தங்கக் காசு யார் வீட்டுக்குப் போனது என்பதை ஊர் பத்து வருடம் பேசும்.

இப்போது மனுவுக்கு வருகிறேன். கவுன்சில் பதிவை நீக்கச் சொல்லும் மனுவில் நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஒப்பமிட மாட்டேன். 40 பவுணும் ஒரு பக்க அறிக்கையும் எந்தச் சங்கத்தையும் முடக்கியதில்லை. எங்கள் சமூகத்தில் சீட்டுப் பிடித்தவர் ஓடிய கதையும், கோயில் ரிக்கற் புத்தகம் காணாமல் போன கதையும் கேட்காதவர் யார்? அந்தப் பதிவு பொருளாளருக்கு ஒரு கவசம். "காசு எங்கே?" என்று ஒருவர் எழும்பிக் கேட்டால் கவுன்சிலுக்குக் கொடுத்த அறிக்கையின் பிரதியை எடுத்து நீட்டலாம்.

ஆனால் சட்டத்தில் மாற்ற வேண்டியது ஒன்றுமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். மனு எழுதியவர்கள் வலிக்கிற இடத்தை விட்டு வேறிடத்தில் மருந்து தடவுகிறார்கள்.

வலிக்கிற இடம் உங்கள் முதற் பரிசிலேயே இருக்கிறது. நிகழ்வு லொத்தரில், சேர்ந்த காசிலிருந்து பரிசு வாங்க 500 பவுணுக்கு மேலும், செலவுக்கு 100 பவுணுக்கு மேலும் எடுக்கக் கூடாது. இந்த இரண்டு தொகையும் 2007 ஆம் ஆண்டு ஒழுங்குவிதியில் எழுதியவை, அன்றிலிருந்து அசையவில்லை. 2007 இல் ஒரு பவுண் தங்கக் காசு நூறு பவுணுக்குள் வாங்கலாம். (எங்கள் மொழியில் தங்கமும் பவுண், ஸ்ரேலிங்கும் பவுண். இந்தப் பந்தியை எழுதுவதற்குள் நானே தடுமாறிவிட்டேன்.) அதாவது அன்றைய வரம்புக்குள் ஐந்து தங்கக் காசு பரிசு வைக்கலாம். இன்றைக்கு அதே 500 இல் ஒரு காசுகூட வராது. 50/50 ஐ மண்டபத்துக்குள் வைத்தாலும் இதே இடி: 1,400 பவுண் சேர்ந்தால் வென்றவருக்கு 700 கொடுக்க முடியாது, 500 தான். அன்பளிப்பாக வரும் பரிசுக்கு இந்த வரம்பு இல்லை. நகைக்கடைக்காரர் தங்கக் காசைத் தானமாகத் தந்தால் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் எல்லாச் சங்கத்துக்கும் ஒரு நகைக்கடைக்காரர் வாய்க்க மாட்டார். (உங்கள் சீட்டிழுப்பு பதிவு செய்த சிறு சங்க லொத்தராக நடந்தால் இந்த 500 உங்களைத் தொடாது, காசை நீங்களே வாங்கலாம்.)

மேலே இருப்பவர்களுக்குச் சட்டம் அசைந்தது. 2020 ஜூலையில் பெருஞ் சங்க லொத்தர்களின் வருட வரம்பை 10 மில்லியனிலிருந்து 50 மில்லியன் பவுணாக உயர்த்தினார்கள், ஒரு சீட்டிழுப்பின் வரம்பு 4 மில்லியனிலிருந்து 5 மில்லியன் ஆனது, அதிகூடிய பரிசு 4 இலட்சத்திலிருந்து 5 இலட்சமானது. அவர்கள் 100 மில்லியன் கேட்டுப் பல வருடம் போராடியவர்கள். கேட்டார்கள், பாதி கிடைத்தது. சிறு சங்கங்களின் 20,000 மும் 2,50,000 மும் அப்படியே கிடக்கின்றன, எங்கள் பக்கத்திலிருந்து யாரும் உரத்துக் கேட்கவில்லை.

இன்னொரு அநியாயமும் இருக்கிறது. காரையும் வீட்டையும் பரிசாகக் காட்டி இணையத்தில் ரிக்கற் விற்கும் நிறுவனங்களைப் பார்த்திருப்பீர்கள். அடியில் சின்ன எழுத்தில், "காசில்லாமல் தபாலட்டை மூலமும் கலந்துகொள்ளலாம்" என்று ஒரு வரி இருக்கும். சாதாரணத் தபாலில் இலவசமாகச் சேர வழி இருந்தால் 2005 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கண்ணில் அது லொத்தரே இல்லை. உரிமம் இல்லை, 20 வீதம் இல்லை, கவுன்சிலுக்கு அறிக்கை இல்லை. 2025 இல் அரசு இவர்களுக்காக ஒரு நடத்தைக் கோவை வெளியிட்டது, அதுவும் விரும்பியவர் பின்பற்றலாம் என்ற அளவில். பாடசாலை வாடகைக்காக 10,000 பவுண் சேர்க்கும் நீங்கள் மூன்று மாதத்துக்குள் கணக்குக் காட்ட வேண்டும், ஒரு சொகுசுக் காருக்கு ரிக்கற் விற்பவர் காட்ட வேண்டியதில்லை.

ஆகவே மனுவைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை, திருத்தி எழுதச் சொல்கிறேன். பதிவை நீக்குங்கள் என்ற வரியை எடுத்துவிட்டு, நிகழ்வு லொத்தரின் 500, 100 என்ற தொகைகளையும் சிறு சங்கங்களின் 20,000 என்ற வரம்பையும் இன்றைய விலைவாசிக்கு உயர்த்துங்கள் என்று கேளுங்கள். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. தொகைகளைக் கலாசார, ஊடக, விளையாட்டுத் துறை அமைச்சர் நாடாளுமன்றத்தின் முன் ஓர் ஒழுங்குவிதியோ கட்டளையோ வைத்து மாற்றலாம், 2020 இல் மாற்றியதும் அப்படித்தான். கேட்பது சிறிதாக இருந்தால், "பார்க்கிறோம்" என்று தட்டிக்கழிப்பது அவர்களுக்கும் கடினம். தபாலட்டை ஓட்டையை அடைப்பது பெரிய வேலை, அதைத் தனிக் கடிதமாக எழுதுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் சிறியது பெரியதோடு சேர்ந்து தாழும்.

யாருக்கு எழுதுவது என்பதிலும் கவனம். எம்.பி.க்கள் தங்கள் தொகுதிக்காரருக்கு மட்டும்தான் பதில் போடுவார்கள். பன்னிரண்டு சங்கம் சேர்ந்து ஒரே எம்.பி.க்கு ஒரே மனு அனுப்புவதைவிட, பன்னிரண்டு பொருளாளர்களும் தத்தம் வீட்டு முகவரியும் தபால் குறியீடும் போட்டுத் தத்தம் எம்.பி.க்கு எழுதினால் பன்னிரண்டு கோப்பு திறக்கும். நாடாளுமன்ற இணைய மனுவில் 10,000 கையெழுத்துச் சேர்ந்தால் அரசு பதில் தரும், 100,000 சேர்ந்தால் விவாதத்துக்கு எடுப்பதை நாடாளுமன்றம் பரிசீலிக்கும். ஆனால் தங்கக் காசுக் கணக்கை ஒரு பக்கத்தில் எழுதி, உங்கள் அறிக்கையின் பிரதியையும் இணைத்து, எம்.பி.யின் சனிக்கிழமைச் சந்திப்புக்குப் போய்க் கையில் கொடுப்பதற்கு ஈடு அது இல்லை. பாடசாலை முடிந்தவுடன் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அச்சகத்துக்கு மாதிரி போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். நாளைக்கே தொலைபேசி எடுத்து நிறுத்தச் சொல்லுங்கள். கவுன்சில் படிவத்தை முதலில் நிரப்புங்கள், பதிவு வந்த பிறகு திகதியும் முகவரியும் சேர்த்து அச்சடியுங்கள். ஆறு கிழமை நான்கு கிழமையாகக் குறைந்தாலும் பரவாயில்லை. தலைவர் மனம் நோகாமல் இருக்க, விழாவன்று மண்டபத்துக்குள் மட்டும் அவர் பழைய முறையில் கிளோக்றூம் ரிக்கற் புத்தகத்தைக் கிழித்து விற்க, ரைஸ் குக்கர் பரிசோடு ஒரு சின்ன நிகழ்வு லொத்தரைத் தனியாக அவர் பொறுப்பில் விடுங்கள். அதற்கு லைசென்ஸ் தேவையில்லை. லைசென்ஸ் பற்றி 95 இலிருந்து அவர் சொல்லி வருவது அங்கே இன்றைக்கும் செல்லும். இரண்டு காசையும் மட்டும் ஒரே ரின்னுக்குள் போட்டுவிடாதீர்கள்.